மீன் பேனும் மீன்துறை அதிகாரியும்

பாடத்தின் நடுவில் எங்கள் இரண்டு பேரையும் அவர் டீ குடிக்க அனுப்பினார். அதுவரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிளாக் ஆபீஸ் கூட்ட அறையில் கரும்பலகை நிறைய ஒரு பூச்சியின் படம் வரைந்திருந்தார். வட்டமான தட்டை உடம்பு, ஒட்டிக்கொள்ள இரண்டு கிண்ணங்கள், நடுவில் ஊசி மாதிரி ஒரு கொடுக்கு. குளத்து மீனின் உடம்பில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் பேன் அது. உடம்பு முடிந்தது, உணவு முடிந்தது, அடுத்த தலைப்பை எழுத சாக்பீஸைத் தூக்கியவர் எழுதாமல் அப்படியே நின்றார். அறையில் இருந்த பெண்கள் நாங்கள் இருவர்தான், இரண்டு பேரும் கிராம சேவிகாக்கள். எங்கள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு, "லேடீஸ் ரெண்டு பேரும் போய் டீ சாப்பிட்டு வாங்க. இந்தப் பகுதி உங்களுக்கு அவசியமில்லை" என்றார். வெளியே வந்து டீ டம்ளரோடு ஜன்னல் பக்கம் ஒதுங்கி நின்றோம். உள்ளேயிருந்து பியூன் வந்து ஜன்னலைச் சாத்தினார். ஒரு பேன் எப்படிக் குடும்பம் நடத்துகிறது என்பது எங்கள் காதில் விழுந்துவிடக் கூடாதாம்.

அவர் எங்கள் பிளாக்கின் மீன்துறை அதிகாரி. நான் சொல்வது அறுபதுகளின் தொடக்கத்தை. போன மாதம் அவர் காலமாகிவிட்டார். ஓய்வுபெற்ற ஊழியர்கள் நினைவு மலர் போடுகிறார்களாம். அவரோடு வேலை பார்த்தவர்களில் மிச்சமிருப்பது நீங்கள்தான், நல்லதாக நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று ஒருவர் போனில் கேட்டார். உட்கார்ந்து யோசித்தேன். நேரம் தவறாதவர். கை நீட்டி லஞ்சம் வாங்காதவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மூன்று வரி வந்துவிட்டது. நாலாவது வரிக்கு இரண்டு நாள் மண்டையை உடைத்தும் ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் மலரில் போட முடியாதவை. அதனால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

விலங்கியலில் பட்டம் வாங்கியவர். வடக்கே எங்கோ பயிற்சிக்கும் போய் வந்தவர். மீனைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்று பி.டி.ஓ. முதல் ஜீப் டிரைவர் வரை எல்லாரும் சொன்னார்கள். அது உண்மையும்கூட. ஆனால் உயிர் என்று ஒன்று பிறக்கிற விஷயம் வந்துவிட்டால் மனிதருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். 'கர்ப்பம்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. ஆபீசில் யாராவது மனைவியின் பிரசவத்துக்கு லீவு கேட்டால், "அந்த மாதிரி விஷயமா?" என்று மேஜையைப் பார்த்துக் கேட்டுக் கையெழுத்துப் போடுவார். மாட்டு டாக்டர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து சினை ஊசி பற்றிப் பேச ஆரம்பித்தால், இவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே மரத்தடிக்குப் போய்விடுவார். இதையெல்லாம் ஒழுக்கம் என்று நினைத்தார். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்து மரியாதை செய்தார்கள். அவருக்கு ஐந்து பிள்ளைகள். அவர்கள் எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள் என்பதை அவர் எந்தக் கூட்டத்திலும் விளக்கியதில்லை.

எனக்கு இது வேடிக்கையாக இருந்ததற்குக் காரணம் உண்டு. என் அத்தா திண்டுக்கல்லில் தோல் வியாபாரி. அய்யலூர்ச் சந்தைக்குப் போய் வந்தால், எந்த ஆடு சினை, எது இரட்டைக் குட்டி போடும், எந்தக் கிடாய் உதவாக்கரை என்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில்தான் பேச்சு. அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே தன் கருத்தையும் சொல்வாள். முக்காட்டை விலக்காத வீடு எங்கள் வீடு, ஆனால் முட்டையை முட்டை என்று சொல்ல யாரும் கூசியதில்லை. காந்திகிராமத்துப் பக்கம் தங்கிப் பயிற்சி முடித்து வந்த எனக்கு அரசாங்கம் கொடுத்த வேலையும் அதேதான். ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி, மாசமாக இருப்பவள் என்ன சாப்பிட வேண்டும், பிரசவத்துக்குக் கத்தரியை எப்படிக் கொதிக்க வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். மனிதப் பிரசவத்தைப் பற்றிப் பேசச் சம்பளம் வாங்குகிறவளை, பேனின் பிரசவத்தைக் கேட்கக் கூடாது என்று வெளியே அனுப்பிய மகான் அவர்.

எங்கள் பிளாக்கில் கிழக்கே ஒரு ஊரில் பஞ்சாயத்துக்கு ஒரு பெரிய குளம் இருந்தது. கரையில் நின்றால் திண்டுக்கல் மலைக்கோட்டை சின்னதாகத் தெரியும். அரசாங்கத் திட்டத்தில் அந்தக் குளத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு குஞ்சுக் குளங்களும் வெட்டினார்கள். கல்கத்தாவிலிருந்து ரயிலில் வரும் கட்லா, ரோகு குஞ்சுகளை முதலில் அந்தச் சின்னக் குளங்களில் விட்டு, விரல் நீளம் வளர்ந்த பிறகு பெரிய குளத்துக்கு மாற்றுவது ஏற்பாடு. குஞ்சுகளுக்குத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் போட பஞ்சாயத்து ஒரு பெண்ணை வைத்திருந்தது. ஊரில் எல்லாருக்கும் அவள் குளத்தக்கா. புருஷன் திண்டுக்கல் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று காலெல்லாம் புண்ணாகி வீட்டோடு கிடந்தார். மூன்று பிள்ளைகள். குளத்து வேலைதான் அந்த வீட்டு அடுப்பு. அவளும் அதை வெறும் கூலி வேலையாகச் செய்யவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையைத் தண்ணீரில் தட்டினால் குஞ்சுகள் கூட்டமாக வந்து மொய்க்கும். நான் அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் என்னைக் கரையில் உட்கார வைத்து அதைக் காட்டாமல் விடமாட்டாள்.

அந்தக் குளத்தில்தான் பேன் பற்றியது. பெரிய மீன்கள் கரைக் கல்லில் உடம்பைத் தேய்த்தன, காரணமில்லாமல் துள்ளின. ஒன்றைப் பிடித்துப் பார்த்தபோது துடுப்புக்கு அடியில் உளுந்துத் தோல் மாதிரி கண்ணாடியாக ஏதோ ஒட்டியிருந்தது, நகத்தால் தள்ளினால் நகர்ந்து ஓடியது. அடியில் சிவப்பாகப் புண். குளத்தக்கா பார்த்த மாத்திரத்தில் பேன் என்றாள். அதிகாரி வந்ததும் முதல் வேலையாக அவளைத் திருத்தினார். பேன் என்றெல்லாம் கொச்சையாகச் சொல்லக் கூடாது, ஒட்டுண்ணி என்று சொல்ல வேண்டும். அவள் பணிவாகத் தலையாட்டிவிட்டு, அவர் போனதும் பேன் என்றே சொன்னாள். எங்களை டீ குடிக்க அனுப்பிய அந்தப் பாடம் இதற்காகத்தான் நடந்தது.

பாடத்தில் அவர் சொன்னது என்ன என்று எல்லாம் முடிந்த பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது. இந்தப் பேனுக்கு ஒரு விசேஷம் உண்டு. தலைப்பேன் தலையிலேயே ஈர் வைக்கும். மீன் பேன் மீனின் மேல் முட்டை வைப்பதில்லை. மீனின் மேலேயே ஆணோடு சேர்ந்து, வயிறு நிறைந்ததும் பெண் பேன் மீனை விட்டு இறங்கும். நீந்திப் போய்க் கல்லோ கட்டையோ ஏதாவது கெட்டியான இடத்தைத் தேடி, வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டி வைத்துவிட்டு மறுபடி ஏதாவது ஒரு மீனில் போய் ஏறிக்கொள்ளும். சில நாளில் இன்னொரு ஈடு. முட்டை பொரிந்தால் வரும் குஞ்சுப் பேன் தானும் ஒரு மீனைத் தேடி ஓடும், கிடைக்காவிட்டால் சீக்கிரமே செத்துப்போகும். ஆகவே குளத்தில் பலகைகளை நட்டு வைத்தால் பேன் ஏமாந்து அதில் முட்டை வைக்கும். பொரிவதற்கு முன்னால் பலகையை வெளியே எடுத்து வெயிலில் காயப் போட்டால் தலைமுறையே ஒழிந்துவிடும். அருமையான யோசனை, செலவும் இல்லை. அவர் இதை அழகான ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். கேட்ட ஆண்கள் எல்லாரும் தலையாட்டிவிட்டு, கேட்டதை அந்த அறையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

பலகைகள் வந்தன. பழைய பெட்டிப் பலகைகள், தண்ணீரில் இற்றுப்போகாமலிருக்கத் தார் பூசிக் காயவைத்தவை. பெரிய குளத்தில் மூங்கிலில் கட்டி நட்டார்கள். அன்று நானும் வேறு வேலையாக அந்த ஊரில் இருந்தேன். அதிகாரி கரையில் குடைக்கடியில் நின்றுகொண்டு, வாரம் ஒருதடவை பலகைகளை எடுத்துவிட்டு வேறு பலகைகளை நட வேண்டும் என்று குளத்தக்காவிடம் சொன்னார். எடுத்ததை என்ன செய்ய வேண்டும் என்று அவள் கேட்டாள். எடுத்தால் போதும் என்றார். எதற்காக என்று தெரிந்தால் சரியாகச் செய்வேனே என்று அவள் மறுபடி கேட்டாள். அவர் முகம் சிவந்தது. குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அதெல்லாம் உனக்குச் சொல்ற விஷயமில்லை. சொன்னதைச் செய்" என்று சொல்லிவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார். ஏதோ அவள் அவரிடம் தகாத கேள்வி கேட்டுவிட்ட மாதிரி ஒரு நடை. அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியாதே, நான்தான் டீ குடிக்கப் போயிருந்தேனே.

காரணம் சொல்லாமல் ஒரு காரியத்தைக் கொடுத்தால் ஜனங்கள் காரணத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொள்வார்கள். கறுப்பாக ஏதோ பூசியிருக்கிறது, தண்ணீரில் ஊறவிடச் சொல்கிறார்கள், அப்படியென்றால் இது மருந்துப் பலகை. குளத்தக்கா அப்படித்தான் புரிந்துகொண்டாள், அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பேன். அவள் நம்பிக்கையை உறுதிப்படுத்துகிற மாதிரி பெரிய குளத்து மீன்கள் தேறவும் ஆரம்பித்தன. தேறாமல் என்ன செய்யும்? முட்டையெல்லாம் பலகையோடு வெளியே வந்துகொண்டிருந்ததே. எடுத்த பலகையை என்ன செய்வது? இத்தனை நல்ல மருந்தை வீணாக்கலாமா? குஞ்சுக் குளங்களில் பலகையே நடவில்லை, பாவம் சின்ன உயிர்கள். அவள் ஈரச் சாக்கில் சுற்றினாள், வெயில் பட்டு மருந்து காய்ந்துவிடக் கூடாது என்று. மஞ்சளைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தாள். பத்திரமாகத் தூக்கிப் போய் ஒவ்வொரு வாரமும் குஞ்சுக் குளங்களில் இறக்கினாள். பக்கத்து ஊர்க்காரர்கள்கூட எங்களுக்கும் ஒரு பலகை கொடு தாயி என்று கேட்டு வந்தார்களாம். நல்லவேளை, கொடுக்கவில்லை. தன் குஞ்சுகளுக்கே போதாது என்று நினைத்திருக்கிறாள்.

கொஞ்ச நாளில் குஞ்சுக் குளங்கள் வெளுத்தன. பெரிய மீன் பத்துப் பேனைத் தாங்கும். விரல் நீளக் குஞ்சு ஒன்றிரண்டைக்கூடத் தாங்காது. தினம் காலையில் வயிறு மேலாக மிதந்தன. குளத்தக்கா புடவைத் தலைப்பில் அள்ளி அள்ளிக் கரையில் போட்டு அழுதாள். இன்னும் பலகை வேண்டும் என்று ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினாள்.

ஊரில் வேறு பேச்சு கிளம்பியது. பெரிய குளத்தில் மீன் நன்றாக இருக்கிறது, இவள் தினமும் இறங்குகிற குளத்தில்தான் சாகிறது. பொம்பளை தண்ணீரில் இறங்குகிறாளே, எல்லா நாளும் இறங்கலாமா? பஞ்சாயத்து பிரசிடெண்ட் இதை ஒரு சந்தேகமாகத்தான் அதிகாரியிடம் கேட்டார். படித்தவர், அரசாங்கத்து ஆள், இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பேச்சு அன்றோடு போயிருக்கும். விலங்கியல் பட்டதாரியான அந்த மனிதருக்கு, பேன் எப்படி வந்தது என்பது அங்கிருந்த எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் இல்லை என்று சொன்னால், பின்னே எதனால் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதிலில் அந்தச் சொற்கள் எல்லாம் வரும். அவர் கையை ஒரு மாதிரி அசைத்து, "சுத்தம் முக்கியம்" என்று மட்டும் சொன்னார். அந்தக் கையசைப்பு போதுமாக இருந்தது. மறுநாளிலிருந்து குளத்தக்கா கரை ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேலைக்கு வேறு ஆள் பார்ப்பதாகவும், மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி விசாரணைக்கு வந்து போனதும் அதை முடிவு செய்வதாகவும் பேச்சு. நான் அன்று வரை அவரை ஒரு வேடிக்கை மனிதராகத்தான் நினைத்திருந்தேன். அன்றுதான் எனக்கு அவர்மேல் அருவருப்பு வந்தது.

அவள் வீட்டுக்குப் போனேன். அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் வருத்தம் வேலை போனதில்கூட அவ்வளவாக இல்லை. ஊர்ப் பெண்கள் குழாயடியில் குடத்தை நகர்த்தி வைத்துக்கொள்கிறார்கள் என்பதில் இருந்தது. கொல்லையில் ஒரு பலகை ஈரச் சாக்கோடு கிடந்தது, கடைசியாக எடுத்து வந்தது, கொண்டுபோய் இறக்க முடியாமல் நின்றுவிட்டது. அதைக் காட்டி, மருந்து இன்னும் அப்படியே இருக்கிறது பாருங்கள் என்றாள். கறுப்புத் தாரின் மேல் வெளிர் மஞ்சளாகக் கோடு கோடாக ஏதோ ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். கோடு இல்லை, பொடிப் பொடி மணிகள், வரிசையாக. பால்வாடிக் குழந்தைகளின் தலையில் இதைப் போல எத்தனை பார்த்திருக்கிறேன். ஆனாலும் எனக்குத் துணிந்து சொல்ல வரவில்லை. ஒரு துண்டைச் சுரண்டி, தண்ணீர் ஊற்றின ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அவளிடமே கொடுத்து, என்ன ஆகிறது பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த தடவை போனபோது அவள் வாசலிலேயே பாட்டிலோடு நின்றாள். வெயிலில் தூக்கிப் பிடித்தாள். தூசு மாதிரி உயிர்கள் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தன. உள்ளே போய்ப் பலகையை எடுத்து வந்தாள். ஒரு மணியை நகத்தால் பெயர்த்து, இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்கினாள். மகள் தலையில் தினம் செய்கிற வேலைதான். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

"ஈரு" என்றாள். பிறகு பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "என் கையாலேயே கொண்டுபோய் விட்டுருக்கேன் சேவிகாம்மா" என்றாள்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போனேன். அவர் மேஜையில் வைத்தேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், உடனே பார்வையைச் சுவர்க் காலண்டருக்கு மாற்றிக்கொண்டார். இது என்ன என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். புத்தகத்தில் இருக்கிறது என்றார். அந்த அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒரு பொம்பளைகிட்ட அதை எப்படிம்மா சொல்றது?" என்றார். நிஜமாகவே என்னிடம் வழி கேட்கிற மாதிரி இருந்தது குரல். ஒரு நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது எனக்கு. உடனேயே, இந்த விஷயத்தை நான் வெளியில் பேசினால் என் பெயர்தான் கெடும், கல்யாணமாகாத பெண், யோசித்துக்கொள் என்றார். பாவப்பட்டதற்காக என்னையே திட்டிக்கொண்டு பாட்டிலை எடுத்து வந்தேன்.

மெட்ராஸ் அதிகாரி வந்த அன்று கரையில் ஊரே கூடியது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் வேப்பமரத்தடியில். குளத்தக்கா கரைக்குக் கீழே வண்டிப் பாதையில் நின்றாள், மேலே ஏறக் கூடாதே. குஞ்சு எதனால் செத்தது என்று அவர் கேட்டார். பிரசிடெண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, பொம்பளை புழங்கிய தோஷம் என்று சுற்றி வளைத்துச் சொன்னார். எங்கள் அதிகாரி கைக்குட்டையைப் பிடித்தபடி நின்றார். மறுக்கவில்லை. நான் முன்னால் போய், குளத்தில் வேலை பார்த்தவளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சொன்னேன். வரச் சொல் என்றார் மெட்ராஸ்காரர். அவள் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள்.

அவள் பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. குரலை உயர்த்தவில்லை. "தலைப்பேனு தலையிலயே ஈரு வைக்குங்கய்யா. இந்தப் பொட்டப்பேனு சூலியாகி மீனை விட்டு எறங்கி வந்து கட்டையில வச்சிட்டுப் போகுது. இம்புட்டும் ஈரு. மருந்துன்னு நெனச்சு நாந்தான் சொமந்துபோயி குஞ்சுக கிட்ட விட்டேன்." ஒரு மணியை எடுத்து எல்லாரும் பார்க்க நகத்தில் வைத்து நசுக்கினாள். வேப்பமரத்தடியிலிருந்து பெண்கள் எழுந்து வந்தார்கள். பலகை கைமாறியது. ஒருத்தி மாற்றி ஒருத்தி நகத்தில் வைத்துப் பார்த்து ஈருதான், ஈருதான் என்றார்கள். ஆண்கள் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

மெட்ராஸ்காரர் எங்கள் அதிகாரியிடம் திரும்பி, இவள் சொல்வது சரியா என்றார். சரிதான் என்றார் இவர். இவர்களுக்கு இதைச் சொன்னீர்களா என்றார் அவர். இவர் கொஞ்சமும் தயங்காமல், "விளக்கினேன் சார். இவங்களுக்குப் புரியலை" என்றார். பொய் சொல்ல மட்டும் அவருக்குக் கூச்சமே இல்லை என்பதை அன்று கண்டுகொண்டேன்.

குளத்தக்கா அவர் பக்கம் திரும்பினாள். "வெளக்குனீங்களாங்கய்யா? அப்ப சொன்னதை இப்ப ஒருக்காச் சொல்லுங்க. புரியுதான்னு பாக்குறேன்."

எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். மெட்ராஸ்காரரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். எங்கள் அதிகாரி வாயைத் திறந்தார். "ஃபீமேல் வந்து..." என்றார். மூடினார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். மறுபடி திறந்தார். முட்டை என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது, கடைக்குப் போகிற குழந்தை சொல்கிற சொல். அது வரவேயில்லை.

அந்த மௌனத்துக்காக அவருக்கு எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை. கொஞ்ச காலத்தில் பதவி உயர்வில் போனார். கடைசியில் எங்கோ பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தி, சால்வையெல்லாம் வாங்கி ஓய்வு பெற்றார். எனக்குத்தான் அடக்கமில்லாத பெண் என்று பெயர் வந்து ஒட்டன்சத்திரத்துக்கு மாற்றல் வந்தது. இப்போது காலம் மாறிவிட்டது என்று சொல்கிறார்கள். போன வாரம் என் பேத்தியின் உயிரியல் வாத்தியார் ஒரு பாடத்தை மட்டும் வகுப்பில் நடத்தாமல், அதை வீட்டிலேயே படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எந்தப் பாடம் என்று நான் கேட்கவில்லை. அவரைப் போன்றவர்கள் சாவதில்லை, ஆள் மாறி ஆள் வந்துகொண்டேயிருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கரையில் நடந்ததை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. அவருக்குச் சொல் வராது என்று தெரிந்ததும் குளத்தக்கா அதற்கு மேல் காத்திருக்கவில்லை. பிரசிடெண்டைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஊர் பார்த்திருக்கக் குஞ்சுக் குளத்தில் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. இன்றைக்கு என்ன நாள், இறங்கலாமா என்று ஒரு வாய் கேட்கவில்லை. ஒவ்வொரு பலகையாகப் பிடுங்கிக் கரையில் வெயிலில் எறிந்தாள். பெண்கள் ஓடிப்போய் அவற்றை முகம் மேலாகத் திருப்பிப் போட்டார்கள். கடைசிப் பலகை அதிகாரியின் காலடியில் வந்து விழுந்தது. ஈரம் சொட்ட, முட்டை வரிசைகள் பளிச்சென்று தெரிய. அவர் செருப்புக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். தண்ணீரில் நின்ற குளத்தக்கா கையால் தண்ணீரைத் தட்டினாள், மிச்சமிருந்த குஞ்சுகள் வருகின்றனவா என்று.

கொஞ்சம்தான் வந்தன. வந்தன.